சாட்சி சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே!

தேனி மாவட்டத்தின் கிழக்கு வாசலில் இருக்கும் தேவதானப்பட்டிக்கு மலைதான் முதல். கொடைக்கானல் மலையிலிருந்து எலிவால் அருவியாக விழும் தண்ணீர், மஞ்சளாறாக ஓடிவந்து 57 அடி உயர அணையில் தேங்குகிறது. தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் 5,259 ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. அடிவாரத்து வயலும் தோப்பும் மேலே காடு நின்றால்தான் நிற்கும். தண்ணீர் மட்டுமா? ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல், அடுப்புக்குச் சுள்ளி, விற்றுக் காசாக்கச் சீமாறு, நெல்லி, கடுக்காய், தேன் என்று ஏழைக் குடும்பங்களின் கைச்செலவுக்குத் தலைமுறை தலைமுறையாக வழி செய்ததும் இந்த மலைதான்.

இந்த மலையில் அடிவாரத்து ஊர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். “அது பாரஸ்ட்காரங்க காடு, நமக்கென்ன உரிமை?” என்ற பதில்தான் கிடைக்கும். சட்டப்படி அந்தப் பதில் தவறு. 2006-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், ஓர் ஊர் வழிவழியாகக் காத்துப் பயன்படுத்திவந்த காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் அந்த ஊருக்கே உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. கேட்டு வாங்கவேண்டியவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. அதற்குள், அந்த உரிமைக்குச் சாட்சி சொல்லவேண்டிய பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அபாய மணியை இப்போது அடிக்காவிட்டால் பிறகு அடித்துப் பயனில்லை.

ஏன் இந்த அவசரம்? சட்டத்தின் கணக்கைப் பார்த்தால் புரியும். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் என்று காட்டினால் போதும். மற்றவர்கள் அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டவேண்டும். அப்படியானால் 1930-க்குப் போகவேண்டும். அந்தக் காலத்துக் கிராமத்தில் பட்டா, பத்திரம் யாரிடம் இருந்தது? இதை உணர்ந்துதான் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஒரு சான்று என்று சட்டத்தின் விதிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வழிவழியான மேய்ச்சல் நிலம், கிழங்கும் காய்கனியும் எடுக்கும் இடங்கள், மாடு தண்ணீர் குடிக்கும் ஓடை, மூலிகை பறிக்கும் சரிவு, சாமி மரம், கோயில் காடு, சுடுகாடு ஆகிய எல்லாமே சான்றுதான்.

ஆனால் எந்தப் பாறை வரைக்கும் நம் ஊர் மேய்ச்சல், எந்த ஓடையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள், எந்த மரத்தடியில் பொங்கல் வைத்தார்கள் என்று காலால் நடந்து காட்டக்கூடியவர் யார்? சிறுவயதில் தாத்தாவின் பின்னால் மலையேறிய மனிதர்தான். அவருக்கு இன்று வயது 85, 90. அவர் கண்மூடினால் ஊரின் ஆவணம் ஒன்று தீயில் போகிறது. தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் உரிமை கோருவது கடினமாகிறது. காட்டின் மீது ஊருக்கிருக்கும் உரிமையை யாரும் ரத்து செய்யவேண்டிய அவசியமே இல்லை. சும்மா இருந்தாலே அது தானாகக் காலாவதியாகிவிடும்.

உறவு இருந்தது, அது அறுக்கப்பட்டது என்பதுதான் வரலாறு. 1882-ல் வந்த சென்னை வனச் சட்டம் மலைகளை அரசின் காப்புக்காடுகளாக்கியது. அதுவரை உரிமையாக இருந்த மேய்ச்சல், கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கும் சலுகையாக மாறியது. மக்களின் மனக்கொதிப்பு அதிகமாகவே, 1913-ல் சென்னை மாகாண வனக் குழு ஒரு பரிந்துரை செய்தது. ஊரை ஒட்டிய, ஊரார் பயன்படுத்தும் காடுகளைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என்றது அந்தப் பரிந்துரை. அதன்படி மாகாணத்தின் பல பகுதிகளில் வனப் பஞ்சாயத்துகள் அமைந்தன, மேய்ச்சலை முறைப்படுத்தின. வெள்ளைக்காரன் காலத்திலேயே ஊராரை நம்பிக் காட்டைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சுதந்திர இந்தியா அந்த நம்பிக்கையை வைக்க இத்தனை தயங்குவது ஏன்?

தயக்கம் முழுமையானதல்ல என்று அரசுத் தரப்பு சொல்லலாம். 1988-ன் தேசிய வனக் கொள்கையும் 1990-ன் மத்திய அரசுச் சுற்றறிக்கையும் மக்களோடு சேர்ந்து காட்டைக் காப்பது என்ற வழியைத் திறந்தன. ஜப்பான் கடனுதவியில் 1997-98-ல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் ஊர்தோறும் கிராம வனக்குழுக்களை அமைத்தது. தடுப்பணைகள் எழுந்தன, கறவை மாட்டுக்குச் சுழல்நிதிக் கடன் கிடைத்தது. நல்ல வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குழுவில் ஊரார் உறுப்பினர்கள், செயலாளரோ வனத்துறை அலுவலர். வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து இல்லாமல் காசு நகராது. எந்த மரம் நடுவது, எந்தச் சரிவை மூடுவது என்ற முடிவு ஊரில் எடுக்கப்படவில்லை. திட்டப் பணம் நின்றதும் பெரும்பாலான குழுக்கள் பெயரளவில் தங்கிவிட்டன. அரசாணையில் பிறந்த குழு அரசாணையோடு முடியும். சட்டத்தில் பிறந்த உரிமைக்கு அந்தக் கதி இல்லை. அரசாணை வழிவந்த ‘கூட்டு வன மேலாண்மை’க்கும் வன உரிமைச் சட்டம் தரும் ‘சமுதாய வன வள உரிமை’க்கும் உள்ள வேறுபாடு இதுதான். இதை ஊர் ஊராகச் சொல்லியாகவேண்டும்.

உரிமை இல்லாத ஊருக்கு என்ன நேரும் என்பதைத் தேனி மாவட்டம் தன் மலைமாடுகளை வைத்தே கற்றுக்கொண்டிருக்கிறது. மலைமாடு பாலுக்காக வளர்க்கப்படுவதில்லை. காலையில் மலையேறி மேய்ந்து, பொழுது சாயத் தொழுவுக்குத் திரும்பும் மாடு அது. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால், ஒரே இரவில் அந்த மண்ணுக்குச் சாணமும் கோமியமும் சேரும். விவசாயி கிடைக்காரருக்குக் கூலி கொடுப்பார். உரக்கடைக்குப் போகாத உரம் இது. சமவெளி வயலின் வளம் மலைக்காட்டுப் புல்லில் தொடங்கியது. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத்தொழுவைக் கும்பிடும் ஊர்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம், மேகமலை மேய்ச்சல் தொடர்பான வழக்கில், தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் கால்நடை மேய்க்கக்கூடாது என்று ஆணையிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்தில் ஆணை திருத்தப்பட்டது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்றானது. பிற மாவட்டங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. தேனிக்கு என்ன கிடைத்தது? வடக்கே 2013-ல் அறிவிக்கப்பட்ட 608 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம். தெற்கே 2021-ல் அறிவிக்கப்பட்ட 1,016 சதுர கிலோமீட்டர் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். பள்ளத்தாக்கின் இருபுறமும் பெரும்பகுதி தடைக்குள்தான் நிற்கிறது. இந்த நிலையிலும் மேய்ச்சலைச் சமுதாய உரிமையாகவே அங்கீகரிக்கும் சட்டம் ஒன்று உண்டென்றால், அது வன உரிமைச் சட்டம்தான். அந்தச் சட்டத்தின்படி உரிமை பெற்றிருந்த ஊர் நீதிமன்றத்தில் தலைநிமிர்ந்து நிற்க முடிந்திருக்கும். உரிமை கோராத ஊரோ ‘அத்துமீறி மேய்ப்பவர்’ பட்டியலில் நின்றது.

மனிதரை வெளியேற்றினால் காடு பிழைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலையின் மேல்தட்டைப் பார்க்கட்டும். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட அறிவியலாளர்கள், அங்கிருந்த இயற்கைப் புல்வெளியில் 66 சதவீதம் அழிந்துவிட்டதாகக் கண்டார்கள். அந்த இடத்தில் இன்று நிற்பவை பெரும்பாலும் வாட்டில், பைன், யூகலிப்டஸ். புல்வெளியும் சோலையும்தான் மழையை மண்ணில் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடைக்கு விடுபவை. மஞ்சளாற்றின் தலைமாட்டில் இருப்பவை அவை. அந்த அயல்மரங்களைத் தோப்புத் தோப்பாக நட்டது விறகு பொறுக்கும் பெண் அல்ல. கிழங்கெடுக்கும் பளியர் பழங்குடியினரும் அல்ல. காட்டை ஊரிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொன்ன நிர்வாகம் திட்டம் போட்டு நட்டது. கீழே இருப்பவர்களைக் கேட்டிருந்தால், தங்கள் ஓடை வற்றும் என்பதற்காகவாவது தடுத்திருப்பார்கள். கேட்கும் ஏற்பாடே இல்லை.

பளியர்களின் முறையைக் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். வள்ளிக்கிழங்கு தோண்டுகிறவர் கிழங்கை எடுத்துக்கொண்டு கொடியின் தலைப்பகுதியைத் திரும்பக் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அடுத்த பருவத்தில் அதே குழியில் கிழங்கு இருக்கும். இந்த அறிவுக்குப் பட்டமில்லை, சம்பளமில்லை. அந்த மனிதருக்கு வழிவழியான அந்த இடத்தில் சட்டப்படி உரிமை உண்டு என்பதையாவது எழுதிக்கொடுக்கக்கூடாதா?

காட்டுத் தீயையும் இதனோடு சேர்த்தே பேசவேண்டும். 2018 மார்ச் 11-ல் போடி அருகே குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் 23 பேர் உயிரிழந்தார்கள். அன்று அவர்களை மீட்க முதலில் ஓடியவர்களில் அந்த மலை ஊர் மக்களும் உண்டு. மாசி, பங்குனியில் பெரியகுளம், தேவதானப்பட்டி மலைகளில் இரவில் தீக்கோடு தெரிவது நமக்குப் பழகிப்போன காட்சி. சரிவெல்லாம் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும்போது விரல்விட்டு எண்ணக்கூடிய வனத்துறை ஊழியர்கள் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து என்ன செய்துவிட முடியும்? தீத்தடுப்புக் கோட்டை வெட்டுவதும், புகை கண்டவுடன் ஓடுவதும், ஊரே தன் காடு என்று நினைத்தால்தான் நடக்கும். அடுத்தவன் காடு எரிந்தால் ஊர் வேடிக்கைதான் பார்க்கும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வோம். இளம்புல் முளைக்கட்டும் என்று தீ வைத்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அளவில்லாமல் ஆடுகளை ஏற்றிச் சரிவை மொட்டையடித்தவர்கள் உண்டு. மரம் கடத்தியவர்களும் உண்டு. வருசநாட்டு மலையில் கஞ்சா பயிரிட்ட கூட்டமும் காட்டை வெட்டித் தோட்டமாக்கிய கூட்டமும் இருந்தன. ‘ஊரிடம் கொடுத்தால் காடு மிஞ்சாது’ என்ற அச்சத்துக்கு இவை தீனி போடுகின்றன. ஆனால் இந்தக் குற்றங்கள் எல்லாம் நடந்தது, காடு ஊரின் கையில் இல்லாத காலத்தில். பொறுப்பில்லாத இடத்தில்தான் கொள்ளை நடக்கும்.

பொதுச்சொத்து என்றாலே பாழாகும் என்று 1968-ல் எழுதினார் காரெட் ஹார்டின். உலகெங்கும் மேய்ச்சல் நிலங்களையும் பாசனங்களையும் மீன்பிடித் துறைகளையும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் அதை மறுத்தார். எல்லை தெளிவாக இருந்து, விதியைப் பயனாளிகளே வகுத்து, மீறுபவரை அவர்களே கண்டிக்க முடிந்தால் பொதுச்சொத்து தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் என்று காட்டியதற்காக 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு அந்தப் பாடம் புதிதல்ல. கண்மாய்க்கு நீர்பாய்ச்சியை வைத்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, குடிமராமத்தில் வீட்டுக்கொரு ஆள் மண்வெட்டியோடு வந்த ஊர்கள் இவை. கண்மாயைக் காத்த கைக்குக் காட்டைக் காக்கத் தெரியாது என்பது எந்த ஊர் நியாயம்?

தெரியும் என்பதற்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊர், 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமுதாய உரிமை பெற்றது. 2011-ல் தன் மூங்கிலைத் தானே வெட்டி விற்கும் அனுமதிச் சீட்டையும் பெற்றது. மூங்கில் வருமானம் கிராம சபைக்கு வந்தது; காடும் இருக்கிறது. புலி இருக்கும் காட்டில் இது நடக்காது என்பார்கள். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலை புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோலிகர் பழங்குடியினரின் கிராம சபைகள் 2011-ல் சமுதாய உரிமை பெற்றன. நேபாளம் 1993 வனச் சட்டத்தின் மூலம் காடுகளைப் பயனாளர் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று அங்கே 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள். மொட்டையாகிக் கிடந்த மலைகள் அங்கே திரும்பப் பச்சையாகின.

தமிழ்நாடு பின்தங்கியதற்குக் காரணம் உண்டு. 2008-ல் சென்னை உயர்நீதிமன்றம், தன் அனுமதி இல்லாமல் உரிமைச் சான்று வழங்கக்கூடாது என்றது. 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. எட்டு ஆண்டுகள் வீண். அதன் பிறகும் அதிகாரிகளின் கவனம் தனிநபர் பட்டாவின் மீதே இருந்தது. ஊருக்குப் பொதுவான உரிமை பின்னுக்குப் போனது. தேவதானப்பட்டி போன்ற ஊர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை. உரிமை கோரும் அதிகாரத்தைச் சட்டம் கிராம சபையிடம் கொடுத்திருக்கிறது. தேவதானப்பட்டியும் கெங்குவார்பட்டியும் பேரூராட்சிகள். தேனி மாவட்டத்தில் பேரூராட்சிகள் 22. அவற்றில் பல மலையடிவாரத்தில். பேரூராட்சியில் கிராம சபை கூடுவதில்லை. ஊர் வளர்ந்து பேரூராட்சி ஆனதற்காக மலையின் மீதான உரிமை போய்விட வேண்டுமா? நகர்ப்புற உள்ளாட்சி எல்லைக்குள்ளும் இந்தச் சட்டம் செல்லும் என்று மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகமே விளக்கியிருக்கிறது. வார்டு அளவில், குடியிருப்பு அளவில் சபை கூட்டலாம் என்று மாநில அரசு ஓர் ஆணை போட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

அரசிடம் நாம் கேட்பது புதிய சலுகை அல்ல. இருக்கும் சட்டத்தை நடத்திக்காட்டுங்கள் என்பதுதான். தேனி மாவட்ட ஆட்சியர் மலையடிவார ஊர்கள் அத்தனையிலும் வன உரிமைக்காகவே சிறப்புச் சபைகளைக் கூட்டவேண்டும். 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைச் சபையே தேர்ந்தெடுக்கவேண்டும். அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும் என்பது விதி. விறகும் சீமாறும் சுமந்த பெண்களுக்குத்தான் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும்; அவர்களை ஒப்புக்கு உட்காரவைக்கக்கூடாது. வரைபடங்களையும் பழைய செயல்திட்டங்களையும் மேய்ச்சல் பதிவேடுகளையும் வனத்துறை ஊர்களுக்குக் காட்டவேண்டும். அவை ஊரின் சான்றுகளும்கூட. ஜப்பான் நிதியோடு 2022 முதல் சுமார் 920 கோடி ரூபாயில் நடக்கும் பல்லுயிர்ப் பாதுகாப்பு, பசுமையாக்கல் திட்டத்தின் பணம் காட்டுக்குள் போகும்போது, செயலாளர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் இன்னொரு பெயரளவுக் குழுவை உருவாக்கக்கூடாது. கிராம சபையின் குழுவிடமே அந்தப் பொறுப்பைக் கொடுக்கவேண்டும்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. உரிமை வந்தால் கடமையும் வரும். வன உயிர்களையும் நீர்ப்பிடிப்பையும் காப்பது கிராம சபையின் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை மாடு, எந்த மாதம், எந்தச் சரிவு என்று முறை வைக்கவேண்டியவர்கள் நீங்கள். தீ வைப்பவன் சொந்தக்காரனே ஆனாலும் சபையில் நிறுத்தவேண்டியவர்களும் நீங்கள்தான். இந்தத் துணிவு இல்லாமல் உரிமை மட்டும் கேட்டால் அது நிலைக்காது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அடுத்த சபையில் சமுதாய வன வள உரிமையைப் பொருளாக வைத்துத் தீர்மானம் போடுங்கள். அதற்கு முன்பே, இந்த வாரமே, ஊரில் வயதில் மூத்தவரின் வீட்டுக்குப் போங்கள். படித்த பிள்ளை ஒருவரை நோட்டோடு கூட அழைத்துச் செல்லுங்கள். மலையின் பெயர்களை, ஓடைகளை, மேய்ச்சல் எல்லைகளை அவர் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். கைபேசியில் பதிவும் செய்யுங்கள். வீட்டில் பழைய மேய்ச்சல் ரசீது கிடந்தால் பத்திரப்படுத்துங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருந்தால்தான் கோரிக்கை நிற்கும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது, சாட்சிகளும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்திருக்கும் காலம் இனி அதிகமில்லை.